பின்சீட்டில் கறை இல்லை

காரின் தோல் இருக்கையைப் பழைய பனியன் துணியால் துடைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். துடைக்கக் கூடாது. பனியனில் தையல் இருக்கும், தையலில் மண் இருக்கும், மண் கீறும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐயா, முந்தாநாள் நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "கார் புராணம் வேண்டாம், உன் மச்சான் எப்படிச் செத்தார்னு மட்டும் எழுது" என்றீர்கள். காரை விட்டுவிட்டு அதை எழுத முடியாது. ஆகையால் முதலிலிருந்தே எழுதுகிறேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது, மெதுவாகத்தான் போகும்.

இருபத்தேழு வருடம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினேன். என் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருக்கும். சட்டை தைக்கிறவர் ஒவ்வொரு முறையும் நாடாவைப் பிடித்துக்கொண்டு, "நேரா நில்லுங்க" என்பார். நேராகத்தான் நிற்கிறேன் என்பேன். மூட்டை தூக்கியவனின் நேர் அவ்வளவுதான்.

கிடங்கு முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. கறுநீலம். எட்டு சிலிண்டர். மற்ற வண்டிகள் உறுமும், அது தொண்டையைச் செருமும், அவ்வளவுதான் சத்தம். கதவைத் தள்ளிச் சாத்த வேண்டியதில்லை. தொட்டு விட்டால் போதும், மீதியை அதுவே இழுத்து மூடிக்கொள்ளும். உள்ளே தேன் நிறத்தில் மரப்பலகை, பால் ஏடு நிறத்தில் தோல் இருக்கை. அது வாசலில் நுழையும்போது நாங்கள் மூட்டையோடு ஓரமாக ஒதுங்கி நிற்போம். ஒருமுறை அடுக்கு சரிந்து என் காலில் விழுந்தது. கணுக்கால் நொறுங்கி எலும்பு வெளியே தெரிந்தது. கார் பத்தடி தள்ளி நின்றது. ஓட்டுநர் பதறிப்போய்ப் பின்கதவைத் திறக்கப் போனார். முதலாளி, "லாரியில ஏத்துப்பா, காத்தோட்டமா இருக்கும்" என்றார். லாரியில் மூட்டைகளுக்கு மேல் மல்லாந்து கிடந்து போனேன். பின்னாலேயே கார் வந்தது. மேலே இருந்து அதன் கண்ணாடிக் கூரை வழியாகப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சுருக்கம் இல்லை. என் கூட்டாளிகள் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பொருளின் அருமை தெரிந்த மனுஷர் என்றுதான் தோன்றியது. மழை வந்தால் அந்தக் கால் இன்றைக்கும் வலிக்கும். அது வேறு விஷயம்.

முதலாளி போய்ச் சேர்ந்தார். கிடங்கை மூடினார்கள். கார் ஒரு மூலையில் ஆறு வருடம் நின்றது. எலி வயரைத் தின்றது, புறா கூரையை நாசம் செய்தது. கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். இரும்புக்கு என்ன விலையோ அதே விலைக்கு எனக்குக் கொடுங்கள் என்று முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். "கண்ணுல படாம எடுத்துட்டுப் போனாப் போதும்" என்றார் அந்த அம்மா. என் மச்சான் கயிறு கொண்டுவந்தார். பதினொரு பேர் சேர்ந்து தள்ளினோம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வெல்டர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு. தெருவில் யார் வீட்டுக் கதவு தொங்கினாலும் அவர்தான் போய் நிமிர்த்துவார், நிமிர்த்தும்போதே அந்த வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேலி பேசுவார். கேலி இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. காரை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், வீட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ள, ஒண்ணு வீட்டுக்குள்ள கார நிறுத்தணும், இல்ல காருக்குள்ள குடும்பம் நடத்தணும். எதுடா வசதி?"

முதலாவதுதான் வசதியாக இருந்தது. எங்களுக்கு இரண்டு அறை, ஒரு அடுக்களை. முன்னறையின் தெருப்பக்கச் சுவரை இடித்தோம். மச்சான் ஷட்டர் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து முன்னறையில் கார், நடு அறையில் காரின் பாகங்கள், அடுக்களையில் நாங்கள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதாவது, சொன்னாள். எல்லா மனைவிகளும் சொல்வதுதான்.

வயதான பெரிய கார் என்பது வயதான பெரிய மனுஷர் மாதிரி. ஒரு நோயோடு நிற்காது. இந்தக் காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். பை கிழிந்துவிட்டால் ராத்திரி நிறுத்தின கார் விடிகாலையில் ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். நான்கு பையையும் மாற்றினேன். கூரையில் மழைத்தண்ணீர் வடிகிற குழாய் அடைத்து, தண்ணீர் கால்விரிப்பில் இறங்கி, அங்கிருந்த கணினிப் பெட்டி நனைந்து, முன் விளக்கைப் போட்டால் பின் கண்ணாடி இறங்கியது. ஏழு மாதம் அதற்கு. எந்த மெக்கானிக்கையும் வீட்டுக்குள் விடவில்லை. அவர்கள் திருகாணியைக் கழற்றினால் தரையில் வைப்பார்கள். நான் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் ஒட்டுவேன். ஆரம்பத்தில் பெயர் எழுத என் மனைவியைத்தான் கூப்பிடுவேன். அடுப்பை விட்டுவிட்டு வந்து எழுதித் தருவாள். ஒரு நாள் அலுத்துப்போய், "நீங்களே எழுதக் கத்துக்குங்க, ஒரு நாளைக்கு நாப்பது தடவை என்னால எந்திரிச்சு வர முடியாது" என்று கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதிக் காட்டினாள். முன், பின், இடது, வலது. என் அரிச்சுவடி அந்த நான்கு சொற்கள்தான். பொறுமையானவள். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

மச்சான் வாரத்துக்கு மூன்று நாள் வேலை முடிந்து வருவார். வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"மாப்ள, உன் சின்ன வீடு எப்படி இருக்கு?"

உள்ளேயிருந்து என் மனைவி பதில் சொல்வாள். "சின்ன வீடு வச்சிருக்கறவன்கூட சாப்பாட்டு நேரத்துக்குப் பெரிய வீட்டுக்கு வந்துடுவாண்ணே. இவருக்குத் தட்டும் அங்கேயே போகுது."

"கவலப்படாத. அதுக்கு ரெண்டு மூணு வருஷத்துல ஆயுசு முடிஞ்சிரும். அப்புறம் உன்கிட்டதான் வரணும்."

அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வந்தது என்று உங்கள் ஆள் ஒருவர் எழுதிக்கொண்டார். தவறு. நக்கலடித்துக்கொண்டே, வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போவார். அந்த மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம்.

கார் ஓட ஆரம்பித்ததும் மனைவியை ஒருமுறை பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன், சேலையை உதறச் சொன்னேன், தலையைச் சாய்க்காதே எண்ணெய் படும் என்றேன். சந்தை வரைக்கும் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது நடந்தே வந்துவிட்டாள். நடை அவளுக்கு நல்லதுதான்.

அதற்குப் பிறகு சீட்டு வேலையைத் தொடங்கினேன். பழைய தோல் வெடித்து, பாளம் பாளமாக உரிந்துவிட்டது. புதுத்தோலை அதே பால் ஏடு நிறத்தில் தேடிப் பிடிக்கவே நாலு மாதம். மனைவியின் தையல் மெஷினில் தைத்துப் பார்த்தேன், மூன்றாவது ஊசியோடு மெஷின் கம்பியே வளைந்துவிட்டது. அவள் அதில் ரவிக்கை தைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கையாலேயே தைத்தேன். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலைக் கோத்து, ஓட்டை ஓட்டையாக. மொத்தம் பதினொரு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை பின்சீட்டைப் பொருத்தி முடித்தேன். முடித்ததும் தோலுக்கு எண்ணெய் பூசினேன். இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஐயா. எண்ணெய் பூசின புதுத்தோல் பத்து நாளைக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும் குழந்தை மாதிரி. எது பட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். பத்து நாள் யாரும் உட்காரக் கூடாது. தண்ணீர்கூடப் படக் கூடாது.

மச்சானுக்கு அடிபட்டது வியாழக்கிழமை. அதாவது மூன்றாவது நாள்.

பின்பக்கம் சைலன்சரைத் தாங்குகிற பட்டையில் ஒரு போல்ட் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. மூன்று பட்டையில் மற்ற இரண்டையும் முன்பே மாற்றியாகிவிட்டது, அது ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மச்சான் தன் கட்டிங் மெஷினோடு வந்தார். சக்கரம் சுற்றி இரும்பை அறுக்கிற கை மெஷின், தெரிந்திருக்கும். காரைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கவில்லை. காற்றுப் பையை மேலே ஏற்றினாலே கை நுழையும். ஒரு பலகையைப் போட்டு, காரின் வாலுக்குப் பின்னால் காலை அகட்டி உட்கார்ந்தார். மெஷினை உள்ளே விட்டதும் அதன் இரும்புக் கவசம் பம்பரின் அடி விளிம்பில் உரசப் பார்த்தது. அந்தப் பம்பருக்கு நான் ஆறு பூச்சுப் பூசியிருந்தேன்.

"கவசத்தக் கழட்டிடுங்க மச்சான், பெயிண்ட்ல படுது."

"கவசத்தக் கழட்டக் கூடாதுடா. வீல் தெறிச்சா யாரு மேல பாயும்? எம்மேலதான்."

"ஒரே ஒரு போல்ட்டு. ரெண்டு நிமிஷ வேலை."

"உன் சின்ன வீட்டுக்குக் கீறல் விழக் கூடாதுன்னு என் தோல உரிக்கப் பாக்குற" என்றார். ஆனாலும் கழற்றினார். அவர் அப்படித்தான், சொன்னால் கேட்பார். கழற்றச் சொன்னது நான் என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன், நான் எதையும் மறைக்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

போல்ட் அறுந்தது. அறுந்த அதே கணம் சக்கரம் சிக்கி உடைந்தது. ஒரு துண்டு சுவரில் பட்டு விழுந்தது. மற்றது அவருடைய தொடையின் உள்பக்கம் போனது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் பம்பரைப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அவள் எதையும் யோசிக்கவில்லை. முழங்காலிட்டு, இரண்டு கையையும் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். விரல் இடுக்கில் வந்துகொண்டே இருந்தது. "வண்டிய எடுங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு உத்தரவை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் நினைவு நன்றாக இருந்தது. என்னைப் பார்த்து, "செருப்பக் கழட்டிட்டுத்தானேடா ஏறணும்?" என்றார்.

இதைக் கவனியுங்கள், ஐயா. அந்த நிலையிலும் அவர் சீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். இதை என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

சாவியை எடுக்க உள்ளே போனேன். போகிற ஏழெட்டு அடியில் யோசித்தேன். சேறு பட்டால் போய்விடும். காபி பட்டால்கூடப் போகும், நுரை வைத்து மெல்லத் தட்டினால். ரத்தம் அப்படி இல்லை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. வாய் திறந்த தோலில் அது இறங்கினால் துருவாக உள்ளேயே தங்கிவிடும். பதினொரு மாத வேலை. ஒரு காயத்தை டாக்டர் தைத்துவிடுவார், பத்து நிமிஷ வேலை. அந்தத் தோலைத் திரும்பத் தைக்க ஆள் இல்லை, என்னையும் சேர்த்து. என் விரல் அதற்குள் மரத்துவிட்டது. இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது அப்படித் தோன்றியது என்று மட்டும் எழுதுகிறேன்.

சாவியோடு வந்து, "துணி எடுக்கிறேன்" என்று டிக்கியைத் திறந்தேன். பக்கவாட்டு மூடிக்குள் ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருக்கும், பாதித் தீப்பெட்டி அளவு. ரிலே என்று பெயர். பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் அது வழியாகத்தான் போகும். அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிக்கியில் மூன்று வகைத் துணி உண்டு. பளபளப்புக்கு என்று கனமான மெத்தென்ற துணி ஒரு கட்டுப் புதுசாக இருந்தது. அதை எடுக்கவில்லை. பழைய பனியன் துணியை எடுத்துக் கொடுத்தேன், மனைவி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பனியன் சீக்கிரம் நனைந்துவிட்டது. அது எண்ணெய் துடைக்கவே சரிப்படாத துணி.

பிறகு எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோலில் ஒரு நொடி செருமிவிட்டு அடங்கியது. திரும்பவும் திருப்பினேன். நாலு தடவை திருப்பினேன். "ஓடல" என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. இருபத்திரண்டு வயதுக் கார் ஓடவில்லை என்றால் ஏன் என்று உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அந்த வசதி புதுக் காருக்குக் கிடையாது. மச்சான்கூட, "என்னிக்கு ஓடுச்சு, இன்னிக்கு ஓட" என்றார். சிரிக்க முயற்சி செய்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். மனைவி, என் கையைப் பிடித்து இழுத்துக் காயத்தின் மேல் வைத்து, "அழுத்திப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் ஓடினாள். செருப்பில்லாமல், இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பாக. பார்த்தவர்கள் வழியை விட்டு ஒதுங்கினார்களே தவிர வண்டியை நிறுத்தவில்லை. மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் பாருங்கள். கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர் தன் மூன்று சக்கர வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். நிறைந்த கேன்களைத் தெருவிலேயே உருட்டித் தள்ளிவிட்டு மச்சானைத் தூக்கிப் போட்டார். அவர் வண்டி வேகமே எடுக்காது, மேட்டில் நடக்கிறவனோடு போட்டி போடும். மனைவி அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"ஏறுங்க" என்றாள் என்னை.

"ஷட்டரப் பூட்டிட்டு வர்றேன்" என்றேன். திறந்து போட்டுவிட்டுப் போக முடியுமா. தரையில் ஓடியது பின்சக்கரத்தைத் தொடப் போனது. அதன் வெள்ளிப் பூச்சுக்கு ஆகாது. முதலில் அதைக் கழுவித் தள்ளினேன். பிறகு கையைக் கழுவினேன். பிறகு பூட்டினேன். நடந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மச்சான் இல்லை. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். மெக்கானிக்குகளும் சொல்வார்கள், ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இன்ஜின் தப்பித்திருக்கும் என்று. அதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டால் வாழ முடியாது.

மனைவி அன்றிரவு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். விடிந்ததும் நான் குளித்தேன், வெள்ளைச் சட்டை போட்டேன். சாவு வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசித்தேன். மூன்று தெருதான், நடக்கலாம். ஆனால் செத்தவர் யார்? அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தவர், ஷட்டர் போட்டவர், கடைசியாக அதற்காகவே உழைத்தவர். அவரை வழியனுப்ப அந்தக் கார் வராவிட்டால் அது மரியாதையாக இருக்காது. ரிலேயைத் திரும்பப் பொருத்தினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவர் போல்ட்டை அறுத்துவிட்ட பட்டை சத்தம் போடுகிறதா என்று பார்க்க ஒரு ஓட்டம் போக வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றரை நிமிஷம். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவர் வேலை என்றால் வேலைதான்.

அவர் தெருவில் கார் திரும்பியதும், நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். மரியாதை என்று நினைத்தேன். தண்ணீர் கேன்காரர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். நான் இறங்கிக் கதவைத் தொட்டு விட்டேன். அது தானாக மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் அவ்வளவு கூட்டத்திலும் எல்லாருக்கும் கேட்டது.

என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அழவில்லை. காரின் முன்மூடி மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்திருக்கும். கை ரேகை பதியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

"நேத்து ஓடல" என்றாள்.

"ஆமா."

"இன்னிக்கு ஓடுது."

"ரிலேதான் காரணம். அது இல்லன்னா பம்ப்புக்குக் கரண்ட் போகாது."

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைல போட்டேன்."

"எங்க இருந்துச்சு அது?"

"சட்டைப் பையில."

ஐயா, இதை நீங்கள் என் வாயிலிருந்து பிடுங்கியதாக உங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லிக்கொள்வீர்கள். அது சரியல்ல. கார் சம்பந்தமாக யார் எதைக் கேட்டாலும் என் வாய் தானாகச் சரியான பதிலைச் சொல்லிவிடும். நாலு வருஷப் பழக்கம். எந்த போல்ட் எந்த டப்பாவில் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவள் அதே மாதிரிதான் கேட்டாள், நானும் அதே மாதிரிதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. தண்ணீர் கேன்காரர் எழுந்து வந்தார்.

"என் வண்டி மேடு ஏறாதுன்னு தெரியும்ல உனக்கு? மேட்டுல நான் எறங்கித் தள்ளுனேன். உன் பொண்டாட்டியும் எறங்கித் தள்ளுச்சு. மடியில கெடந்த தலையக் கீழ வச்சுட்டு எறங்கித் தள்ளுச்சு. அந்த நேரத்துல நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

சக்கரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதுவும் கார் சம்பந்தமான கேள்விதான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் முன்பல் இரண்டு அங்கேதான் போனது. மச்சானின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள், காரை நோக்கித்தான் வந்திருக்கிறார். நல்லவேளை, நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. கார் நன்றாக ஓடும் நிலையில் இருந்தது. அதை ஓடவிடாமல் செய்தவன் நான். மச்சான் உயிரோடு இருந்தபோது, அவர் கண்முன்னால், தெரிந்தே செய்தேன். பெட்ரோல் பாதித் தொட்டிக்கு மேல் இருந்தது. கவசத்தைக் கழற்றச் சொன்னவனும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. என் மனைவிக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காரை அவளே ஓட்டிக்கொண்டு போயிருப்பாள், அவளுக்கு ஓட்டத் தெரியாது என்றாலும். கொலை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் வாதாடப் போவதில்லை. என்னைக் கேட்டால் வேறு வார்த்தை போடுவேன். நான் யாரையும் தள்ளவில்லை, வெட்டவில்லை. ஒருவரை ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஏற்றாமல் போகிற கார்கள் தெருவில் தினமும் எத்தனை போகின்றன.

நேற்று என் மனைவியைப் பார்க்க அனுமதித்தீர்கள். அதற்கு நன்றி. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நகக்கண்களில் இன்னும் கறுப்பாக இருந்தது, எத்தனை கழுவியிருப்பாள். நான்தான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். "அன்னிக்கு அண்ணன் கிடந்த இடத்துல நான் கிடந்திருந்தா? அப்பவும் அந்த ரிலேயக் கழட்டியிருப்பீங்களா?"

வேறு புருஷனாக இருந்தால் அந்த நொடியே, சேச்சே என்ன பேச்சு இது என்று சொல்லி முடித்திருப்பான். நான் அப்படிச் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு உரிய மதிப்புக் கொடுத்து, அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

"எங்க அடிபட்டிருக்குங்கறதப் பொறுத்தது" என்றேன். "உள்காயம்னா யோசிக்காம ஏத்தியிருப்பேன்."

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எதற்காக அப்படிப் போனாள் என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.